30 இலைக்கு வீட்டிலேயே ஓண விருந்து: தேங்காயும் அடுப்பும் நேரமும்

ஆறு பேருக்குச் சமைத்துக் கைப்பழக்கம் உள்ளவர்கள் 30 இலைக்குச் சமைக்கும்போது ருசியில் தடுமாறுவது குறைவு. தேங்காயை எப்போது உடைப்பது, எந்த அடுப்பில் எது எப்போது ஏறுவது என்ற இரண்டு இடங்களில்தான் காரியம் குழம்பும். கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கத்து வீடுகளில் திருவோணத்தன்று சித்தப்பா, மாமா, அத்தை குடும்பங்கள் எல்லாம் ஒரே வீட்டில் கூடுவது இன்றும் உண்டு. 1956 நவம்பர் 1-இல் மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுச் சென்னை மாநிலத்தோடு இணைந்த பிறகும் இங்கே ஓணம் வீட்டுப் பண்டிகையாகவே இருக்கிறது. சமையல்காரரை வைக்காமல், வீட்டு ஆட்களே மதியம் பன்னிரண்டரைக்கு இலை போட்டுவிட முடியும். அதற்கான கணக்கு இது.

அளவுகள் 30 பேருக்கு. அதில் ஏழெட்டுப் பேர் குழந்தைகள் என்று வைத்தது. அடுப்பு: உள்ளே இரண்டு பர்னர் கேஸ், பின்முற்றத்தில் ஒரு விறகடுப்பு.

பண்டங்கள்

இலையில் வருபவை: பருப்பு, சாம்பார், புளிசேரி (தயிர்க் குழம்பு), ரசம், மோர், அவியல், எரிசேரி (வறுத்த தேங்காய் போட்ட கூட்டு), துவரன் (தேங்காய்ப் பொரியல்), வெள்ளரிக்காய்க் கிச்சடி, அன்னாசிப் பச்சடி, இஞ்சிக்கறி, மாங்காய் ஊறுகாய், நாரத்தங்காய், உப்பேரி (ஏத்தங்காய் வறுவல்), சர்க்கரைவரட்டி (வெல்லப்பாகில் புரட்டிய வறுவல்), பப்படம், மட்டிப்பழம், அடைப்பிரதமன் (தேங்காய்ப்பால் பாயசம்), போளியும் சேமியா பாயசமும். ஓலனையும் காளனையும் விட்டாயிற்று. ஓலனுக்கு இன்னொரு முறை தேங்காய்ப்பால் பிழிய வேண்டும். காளனும் தயிர்க் கறிதான் என்பதால் அது இருந்தால் புளிசேரி இலையில் வீணாகும். போளியைக் கடையில் சொல்லிவைத்து வாங்கிக்கொள்வதே நல்லது. வீட்டில் 35 போளி தட்ட ஆரம்பித்தால் ஒரு அடுப்பும் இரண்டு ஆளும் அதிலேயே போய்விடும்.

சம்பா அரிசி 3.5 கிலோ. பருப்புக்குச் சிறுபருப்பு 750 கிராம், நெய் 300 மில்லி. சாம்பாருக்குத் துவரம்பருப்பு 750 கிராம், காய் 3 கிலோ. அவியலுக்கு எல்லாக் காயும் சேர்ந்து 4 கிலோ. எரிசேரிக்குச் சேனை 1.5 கிலோ, ஏத்தங்காய் (நேந்திரங்காய்) 1 கிலோ. துவரனுக்குப் பயறு (பயற்றங்காய்) 2 கிலோ. புளிசேரிக்குத் தடியங்காய் (வெள்ளைப் பூசணி) 1.5 கிலோ, தயிர் 2 லிட்டர். கிச்சடிக்கு வெள்ளரிக்காய் 1 கிலோ. பச்சடிக்கு அன்னாசி ஒன்று. இரண்டுக்குமாகத் தயிர் 1.5 லிட்டர். மோருக்குத் தனியாக 1.5 லிட்டர் தயிர். பப்படம் 70, ஆளுக்கு இரண்டு, மீதி உடைசலுக்கு.

தேங்காய்க் கணக்கைக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட வேண்டும். அவியலுக்கு 5, எரிசேரிக்கு 3, துவரனுக்கு 2, பருப்புக்கு 1, சாம்பாரில் வறுத்தரைக்க 1, புளிசேரிக்கு ஒன்றரை, கிச்சடிக்கும் பச்சடிக்கும் ஒன்றரை, பிரதமனுக்கு 6. ஆக 21. அழுகல், குருட்டுக் காய்க்கு 4 சேர்த்து 25 வாங்க வேண்டும். இப்படிப் பிரித்து வைக்காவிட்டால் துவரனுக்கும் எரிசேரிக்கும் தாராளமாகக் கை போய், கடைசியில் செய்யும் அவியலுக்குத் தேங்காய் போதாமல் நிற்கும். விருந்தில் எல்லாரும் இரண்டாம் முறை கேட்பது அந்த அவியலைத்தான்.

சந்தை

வடசேரியானாலும் மார்த்தாண்டமானாலும் திங்கள்சந்தையானாலும் திருவோணத்துக்கு முந்தின நாளான உத்திராடத்தன்று விலையும் கூட்டமும் ஏறிவிடும். சேனை, தடியங்காய், தேங்காய், ஏத்தங்காய் எல்லாம் நாலு நாள் முன்னால் வாங்கினாலும் கெடாது. முருங்கை, பயறு, வெள்ளரி, கறிவேப்பிலை மட்டும் முந்தின நாள் காலையில். பூக்களத்துக்குத் தோவாளைப் பூ வேண்டுமென்றால் அதற்குத் தனி ஆளை அனுப்புவது நல்லது. காய் வாங்கப் போனவர் பூவுக்கும் நின்றால் வீடு வந்து சேர நேரமாகிவிடும்.

மட்டிப்பழம் இந்த மாவட்டத்துக்கே உரியது; 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மெல்லிய தோல் என்பதால் நன்றாகப் பழுத்தபின் நெடுநேரம் தாங்காது. காம்புப் பக்கம் இலேசாகப் பச்சை நிற்கும் சீப்பாகப் பார்த்து இரண்டு நாள் முன்னால் எடுத்து, காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட வேண்டும்.

தும்பிலை (நுனி வாழையிலை) 30 போதாது, 40 வாங்க வேண்டும். கிழிசல் நாலைந்து கட்டாயம் இருக்கும். பண்டங்களை மூடிவைக்கவும் இலை வேண்டும். வெயில் படாமல் ஈரத்துணி சுற்றித் தரையில் படுக்கையாக வைத்தால் மறுநாள் மதியம்வரை முறியாது. சுருட்டி நிறுத்தினால் நடுநரம்பு ஓரமாகப் பிளக்கும்.

முன்கூட்டியே முடிப்பவை

புளி, வெல்லம், எண்ணெய், உப்பு இவற்றின் பலத்தில் நிற்கும் பண்டங்களை எத்தனை நாள் முன்னால் செய்தாலும் லாபம்தான். அரைத்த பச்சைத் தேங்காய் சேர்ந்த எதையும் முந்தின நாள் செய்யக் கூடாது. இந்த ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டால் பாதி வேலை தானாகப் பிரிந்துவிடும்.

இஞ்சிக்கறி மூன்று நாள் முன்னால். அரை கிலோ இஞ்சியை வட்டமாக அரிந்து தேங்காயெண்ணெயில் தவிட்டு நிறம் வரும்வரை வறுத்து, ஆறியபின் பொடிக்க வேண்டும். சூட்டோடு மிக்சியில் போட்டால் பொடியாகாமல் பசையாகத் திரளும். 200 கிராம் புளிக்கரைசல், 200 கிராம் வெல்லம், மிளகாய்ப்பொடி, வறுத்த வெந்தயப்பொடி, உப்பு சேர்த்துக் கொதித்து, எண்ணெய் மேலே தெளியும்போது இறக்கலாம். முதல் நாள் காரம் முன்னால் நிற்கும். மூன்றாம் நாள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். புளி சேர்ந்ததால் வெண்கல உருளியில் செய்யாமல் எவர்சில்வரிலோ மண்சட்டியிலோ செய்ய வேண்டும்.

உப்பேரி இரண்டு நாள் முன்னால். காயின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் உப்பேரி தேறும் என்பதால், 30 பேருக்கு இலையிலும் வந்தவர்கள் கொறிக்கவுமாக 2.5 கிலோ முற்றிய ஏத்தங்காய் வேண்டும். தோலுரித்து மஞ்சள் நீரில் கால்மணி நேரம் போட்டு, துணியில் நன்றாகத் துடைத்தபின் அரிய வேண்டும். ஈரம் நின்றால் எண்ணெய் பொங்கும். உப்பு நீரை முக்கால் பதத்தில்தான் தெளிக்க வேண்டும்: 100 மில்லி தண்ணீரில் மூன்று தேக்கரண்டி உப்பு கரைத்து, ஒரு ஈட்டுக்கு ஒரு தேக்கரண்டி. தெளிக்குமுன் தீயைக் குறைத்துக்கொண்டு, ஒரு கை விலகி நிற்க வேண்டும். சடசடவென்ற சத்தம் அடங்கியதும் கோரி எடுக்கலாம். முழுக்க ஆறுமுன் டின்னில் அடைத்தால் அதன் ஆவியே மூடியில் வேர்த்துத் திரும்ப விழுந்து நமத்துவிடும்.

சர்க்கரைவரட்டிக்குத் துண்டு தடிமனாக இருப்பதால் தீ குறைவாகவும் நேரம் கூடுதலாகவும் வேண்டும். வெந்ததை இரண்டு துண்டு எடுத்து ஒன்றோடொன்று தட்டினால் ‘டக்’கென்று கல்போல ஒலிக்கும். அந்த ஒலி வராமல் பாகில் போட்டால் நடுவில் மாவாக நிற்கும், மறுநாள் இளகும். வெல்லப்பாகு கம்பிப் பதம். சுக்கும் ஏலமும் பொடித்துப் போட்டு, அடுப்பை அணைத்துவிட்டுக் கிளற வேண்டும். ஒட்டாமல் பிரிய மேலே கொஞ்சம் அரிசிமாவு தூவலாம்.

உத்திராடத்தன்று இரவில் வெட்டிவைக்கக் கூடியவை: சேனை, தடியங்காய், முருங்கை, காரட், பயறு. ஏத்தங்காயும் வழுதலங்காயும் (கத்தரிக்காய்) கறுக்கும் என்பதால் காலையில்தான். சேனை அரிபவர் முதலில் கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். ஊசிபோன்ற ஆக்ஸலேட் படிகங்கள்தான் அந்த அரிப்புக்குக் காரணம். அரிந்தவுடன் ஈரக்கையால் தொட்டுக்கொண்டே இருந்தால் அரிப்பு கூடும்.

பெருக்கிப் போட்டால் ஏன் தப்புகிறது

ஐந்து பேருக்கான அளவை ஆறால் பெருக்கினால் 30 பேருக்கு வரும் என்பது காய்க்கும் பருப்புக்கும் சரி. தண்ணீருக்குச் சரி வராது. பெரிய பாத்திரத்தில் கொள்ளளவுக்கு ஏற்ற அளவு மேற்பரப்பு கிடையாது. ஆவியாகப் போவது குறைவு. ஆகவே சாம்பாரிலும் ரசத்திலும் கணக்குப்படி வரும் தண்ணீரில் கால்பங்கைத் தனியே வைத்து, கடைசியில் வேண்டுமானால் சேர்க்கலாம். பச்சை மிளகாய், மிளகாய்ப்பொடி, நல்லமிளகு ஆகியவையும் ஆறு மடங்கு வேண்டாம், நாலரை மடங்கில் நிறுத்திச் சுவை பார்க்க வேண்டும்.

உப்புக்குக் கண்ணளவு இந்த அளவில் ஏமாற்றும். தயாரான பண்டம் கிலோவுக்கு 10 கிராம் என்று கணக்கு. அதில் முக்கால் பங்கை முதலில் போட்டு, மீதியை இறக்கும்போது சரிபார்க்கலாம். 4 கிலோ காயும் தேங்காயும் சேர்ந்த அவியலுக்கு மொத்தம் ஏறத்தாழ 50 கிராம்.

இன்னொன்று சூடு. அரை கிலோ அவியல் இறக்கிய பத்து நிமிடத்தில் ஆறிவிடும். ஐந்து கிலோ அவியல் அடுப்பை அணைத்த பின்னும் அரைமணி நேரம் தன் சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கும். ‘இன்னும் கொஞ்சம் வேகட்டும்’ என்று தோன்றும் இடத்திலேயே இறக்கிவிட வேண்டும்.

திருவோணத்தன்று

காலை 5 மணி. புளி ஊறப்போட்டு, இரண்டு பருப்பையும் தனித்தனிக் குக்கரில் வைக்க வேண்டும். சிறுபருப்பை முதலில் வாணலியில் மணம் வரும்வரை வறுத்துக்கொள்வது முக்கியம்; வறுக்காத பருப்பு இலையில் பசைபோல நிற்கும்.

5.30. தேங்காய் உடைப்பு. கதம்பையை (மேல்மட்டையை) முந்தின நாளே உரித்திருக்க வேண்டும். கதம்பையும் சிரட்டையும் கொதும்பும் (தென்னம்பாளை) விறகடுப்புக்கு ஆகும். மழை பெய்தால் முற்றத்து அடுப்புக்கு மேலே தகரம் ஒன்று வேண்டும். ஆவணியிலும் இந்தப் பக்கம் திடீரென்று ஒரு மழை கொட்டிவிட்டுப் போகும். ஒவ்வொரு தேங்காயையும் உடைத்தவுடன் முகர்ந்து பார்த்தபிறகுதான் குவியலில் சேர்க்க வேண்டும். ஒரு அழுகல் காய் கலந்தால் பிரதமன் முழுக்க அந்த நெடி ஏறும். துருவும்போது ஓட்டை ஒட்டிய பழுப்புப் பாகம்வரை போகாமல் நிறுத்தினால் பாலும் அரைப்பும் வெள்ளையாக இருக்கும். இரண்டு பேர் துருவியில் உட்கார்ந்தால் ஒன்றரை மணி நேரத்தில் முடியும். துருவல் இங்குள்ள புழுக்கத்தில் மூன்று நாலு மணி நேரத்தில் புளிப்பு மணம் காட்ட ஆரம்பிக்கும். அவியலுக்கான துருவல் பிரிட்ஜுக்குள் போய்விடட்டும்.

மிக்சி இத்தனை தேங்காயைத் தொடர்ந்து தாங்காது. ஐந்து நிமிடம் ஓட்டி, ஐந்து நிமிடம் விட வேண்டும். சூடேறி நின்றுவிட்டால் பெரும்பாலான மிக்சிகளின் அடியில் ஒரு சின்னச் சிவப்புப் பொத்தான் இருக்கும். ஆறியபின் அதை அழுத்தினால் ஓடும். கரண்ட் போகும் நாள் என்று எண்ணிக்கொண்டு எட்டு மணிக்குள் எல்லா அரைப்பையும் முடித்துவிடுவது நிம்மதி.

7 மணி, விறகடுப்பில் பிரதமன். இதற்கு மட்டும் வேறு வேலை எதுவும் இல்லாத ஒரு ஆள் வேண்டும். அரிசி அடை (அரிசிமாவில் செய்த சிறு துண்டுகள்) 500 கிராம், வெல்லம் 1.25 கிலோ, ஆறு தேங்காய். தண்ணீர் சேர்க்காமல் பிழியும் முதல்பால் முக்கால் லிட்டருக்குள், இரண்டாம்பால் 1.5 லிட்டர், மூன்றாம்பால் 2.5 லிட்டர். அடையைக் கொதிநீரில் போட்டு, விரலிடையில் நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி இல்லாமல் நசுங்கும்வரை வேகவிட்டு, பச்சைத்தண்ணீரில் இருமுறை அலச வேண்டும். அலசாவிட்டால் மேலே ஒட்டியிருக்கும் மாவு கட்டியாகப் பிடிக்கும். வெல்லம் சேர்ந்தபின் அடை மேலும் வேகாது. சர்க்கரைச் சத்து தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்வதால் உள்ளே மென்மையாவது நின்றுவிடும். அரைவேக்காட்டில் வெல்லத்தைக் கொட்டிவிட்டால் பிறகு எத்தனை மணி நேரம் கிண்டினாலும் அடை ரப்பர்போலத்தான் இருக்கும்.

வெல்லத்தைக் காய்ச்சி வடிகட்டி மண் நீக்கி, உருளியில் 150 கிராம் நெய்யோடு அடையைப் போட்டுப் பாகு சுருளும்வரை வரட்ட வேண்டும். சட்டுவத்தால் இழுத்தால் உருளியின் அடி ஒரு நொடி தெரிந்து மூடும் பதம். பிறகு மூன்றாம்பால், அது பாதியாகக் குறுகியதும் இரண்டாம்பால். இது குறுகி, கரண்டியின் பின்பக்கம் ஒட்டிப் படியும்போது விறகை இழுத்துவிட்டு, கொதி முழுதும் அடங்கிய பின்தான் முதல்பால். முதல்பால் கொதித்தால் திரிந்து எண்ணெய் பிரியும். சுக்கு, ஏலம், நெய்யில் வறுத்த தேங்காய்ப்பல். ஆறும்போது பிரதமன் நிச்சயமாக இறுகும். அதனால் மூன்றாம்பாலில் இரண்டு கோப்பையை முதலிலேயே எடுத்துவைத்து, விளம்புமுன் நன்றாகக் கொதிக்கவைத்து ஊற்றித் தளர்த்தலாம். 9.15-க்குள் இது இறங்கிவிட வேண்டும், ஏனென்றால் சோற்றுக்கு அந்த அடுப்புதான்.

இதற்கிடையே உள்ளே இரண்டு பர்னரிலும் 8 மணிக்கு எரிசேரியும் சாம்பாரும். எரிசேரிக்கு மேலே போடும் தேங்காயைச் செம்பொன்னிறத்தில் எடுத்துவிட வேண்டும். வாணலியிலேயே விட்டால் அடுத்த நிமிடம் கசப்பு. 9.15-க்குப் பச்சடி. அன்னாசியைக் கட்டாயம் வேகவைத்து ஆறவிட்டே தயிர் சேர்க்க வேண்டும். பச்சை அன்னாசியிலுள்ள புரோமெலைன் என்ற நொதி தயிரின் புரதத்தை உடைத்துக் கசப்பாக்கும். வெந்தால் அது செயலிழந்துவிடும். கிச்சடிக்குக் கடுகைத் தேங்காயோடு முதலிலிருந்தே அரைக்காமல், கடைசியில் போட்டு ஒரே சுற்றில் சதைத்து எடுக்க வேண்டும். அரைய அரையக் கடுகு கசக்கும். துவரன், சேமியா பாயசம், பருப்பைத் தேங்காய்ச் சீரக அரைப்போடு கூட்டுவது, மூன்றும் 9.30-க்கும் 10.15-க்கும் நடுவில்; சொல்லத்தக்க சிக்கல் எதுவும் இல்லை.

9.45-க்கு விறகடுப்பில் சோற்றுத் தண்ணீர், 15 லிட்டர். கொதிக்க அரைமணி நேரம் ஆகும். ஒருமணி நேரம் ஊறிய சம்பா அரிசி 10.20-க்கு உள்ளே, 11.10 அளவில் பதம் பார்க்கலாம். இவ்வளவு பெரிய பானையைச் சாய்த்து வடிப்பது ஆபத்து. கண்ணாப்பையால் (துளைக்கரண்டியால்) கோரிப் பெரிய வடிதட்டிலோ ஓலைக் கடவத்திலோ போடுவதுதான் பாதுகாப்பு. குழந்தைகள் அந்தப் பக்கம் வராமல் ஒரு ஆள் நிற்கட்டும்.

10.20 புளிசேரி. தடியங்காய் வெந்து தேங்காய் அரைப்பும் கொதித்தபின் தீயை மிகக் குறைத்து, கடைந்த தயிரை ஊற்றிக் கைவிடாமல் ஒரே பக்கமாகக் கிண்ட வேண்டும். ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிடலாம். குமிழ் விட்டுக் கொதித்தால் தயிர் திரியும், பிறகு சரிசெய்ய வழி கிடையாது. இறக்கியபின்னும் ஐந்து நிமிடம் கிண்டல் நிற்கக் கூடாது, மூடவும் கூடாது. பக்கத்துப் பர்னரில் ரசம்.

10.45 அவியல், கடைசியாக. சேனையும் ஏத்தங்காயும் முதலில். மஞ்சள், உப்பு, இரண்டு டம்ளர் தண்ணீர் மட்டும், மூடி. சேனை முக்கால் வெந்ததும் முருங்கை, பயறு, காரட். கடைசியாக வெள்ளரி, வழுதலங்காய், புடலை. இவை விடும் நீரே போதும். புளிப்புக்கு மாங்காய் என்றால் சேனை முழுதும் மெத்தென்று ஆனபிறகுதான் போட வேண்டும். புளிப்பு பட்டால் காய்கள் வேக மறுக்கும்; மாங்காயை முதலிலேயே போட்ட அவியலில் சேனை நறுக்கென்று நிற்பதற்கு இதுதான் காரணம். ஐந்து தேங்காய்த் துருவல், பச்சை மிளகாய் 20, சீரகம் மூன்று தேக்கரண்டி, சின்ன உள்ளி ஒரு கைப்பிடி. இதைத் தண்ணீரே விடாமல் சதைத்து, காயின் மேல் குவித்து, இலையால் மூடி ஐந்து நிமிடம் ஆவியில் விட வேண்டும். பிறகு கரண்டியால் கிண்டாமல் சட்டுவத்தை அடிவரை இறக்கிப் புரட்ட வேண்டும். 150 மில்லி பச்சைத் தேங்காயெண்ணெயும் உருவிய கறிவேப்பிலையும் அடுப்பை அணைத்த பிறகுதான்.

11.30 பப்படம். ஆறியபின் டின்னில்.

பந்தி

30 பேரையும் ஒரே பந்தியில் உட்காரவைக்க வீட்டில் இடம் இருந்தாலும் 15, 15 ஆகப் பிரிப்பது நல்லது. நாலு பேர் விளம்பினால்தான் சோறு விழும்போது கூட்டுகள் எல்லாம் இலையில் இருக்கும். முதல் பந்தி தொடங்குமுன் ஒவ்வொரு பண்டத்திலும் சரிபாதியை வேறு பாத்திரத்தில் எடுத்து உள்ளே வைத்து மூடிவிட வேண்டும். இதைச் செய்யாத வீட்டில், காலை ஐந்து மணிக்கு எழுந்து சமைத்த மயினிமாருக்கும் (அண்ணிமார்) சித்திமாருக்கும் அவியலும் பிரதமனும் இல்லாமல் போவது நிச்சயம். அது எந்த வீட்டிலும் நடக்கக் கூடாத அநியாயம்.

இலையின் நுனி உட்காருபவரின் இடப்பக்கம். இடது ஓரத்தில் உப்பேரி, சர்க்கரைவரட்டி, பழம், பப்படம். மேலே இடமிருந்து வலமாக இஞ்சிக்கறி, ஊறுகாய், நாரத்தங்காய், பச்சடி, கிச்சடி, துவரன், அவியல், எரிசேரி. இவை எல்லாம் ஆட்கள் உட்காருமுன் வைத்துவிடலாம், பப்படம் தவிர. ஈர இலையில் அது இரண்டு நிமிடத்தில் நமத்துப்போகும். சோறு விழுந்ததும் பருப்பும் நெய்யும், பிறகு சாம்பார். பிரதமன், போளி பாயசம் முடிந்து மறுபடி கொஞ்சம் சோறு வாங்கிப் புளிசேரி, ரசம், மோர் என்று இறங்குவது ஒரு முறை. புளிசேரியையும் ரசத்தையும் பாயசத்துக்கு முன்னால் முடிக்கும் வீடுகளும் உண்டு. வீட்டுப் பெரியவரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

மீதம்

மீந்த அவியல், சாம்பார், எரிசேரி, துவரன் நாலையும் மாலை நாலு மணிக்குள் ஒரே மண்சட்டியில் சேர்த்து நன்றாகக் கொதிக்கவைத்தால் பழங்கறி. ராத்திரி ஆகட்டும் என்று விட்டால் தேங்காய் புளித்து நூல் விட ஆரம்பிக்கும். அதைக் கொதிக்கவைத்தும் பயனில்லை. கிச்சடி, பச்சடி, புளிசேரியை இதில் சேர்க்கக் கூடாது, தயிர் திரிந்து முழுச்சட்டியும் கெடும். பிரதமனை அகலமான தட்டில் ஊற்றி ஆறவிட்டு பிரிட்ஜில் வைக்கலாம். ஆழமான பாத்திரத்தில் சூட்டோடு மூடினால் நடுவில் ஆறாமல் புளித்துவிடும். மீந்த சோற்றில் அன்று மாலையே தண்ணீர் ஊற்றிவிட்டால் மறுநாள் காலைப் பழஞ்சிக்கு இஞ்சிக்கறியும் பழங்கறியும் தொட்டுக்கொள்ள இருக்கும்.